பதவியில் இல்லாத மூத்த உறுப்பினர்கள் பேச்சே சங்கத்தில் எடுபடுவது ஏன்?

மதுரையில் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தலைவர், செயலாளர் இருந்தும் பழைய ஆட்கள் நான்கைந்து பேர் சரி என்றால்தான் எதுவும் நகர்கிறது என்கிறீர்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் அதே ஆட்கள் மறுபடியும் வரலாம். அதைவிட முக்கியம், செல்வாக்குக்குச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது.

கீழமாசி வீதிப் பக்கம் கடை வைத்திருந்தபோது நான் பார்த்தது இது. கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதி வைக்கும் பழைய மினிட் புத்தகம் எங்கே, சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போட யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கடைக்காரருக்கு யாரோடு பழைய மனத்தாங்கல் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர்களும் அவர்களே. அந்த நன்றி ஓட்டுப் போடும்போது பேசும். இதில் தப்பில்லை, அது உழைத்துச் சம்பாதித்த மரியாதை.

ஆனால் கணக்கும் வங்கிக் காசோலையும் அவர்கள் கையிலேயே இருந்தால் விடாதீர்கள். பொதுக்குழுவில் வரவு செலவை எழுத்தில் கேளுங்கள். அப்புறம், பந்தல் வேலையில் ஒரு வருடம் அவர்களோடு நில்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே பிடிபடும்.