பழைய கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: முதலில் மூடியைத் திறங்கள்

சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. ஆன் செய்யலாமா? என்ன விலை போகும்? (திருச்சி)

என்ன மாடல் என்று ஒரு வார்த்தை இல்லை, போட்டோ இல்லை. பின்பக்க லேபிளையாவது படித்து எழுதுங்கள். அதுவரை பிளக்கைத் தொட வேண்டாம். முதலில் மூடியைத் திறங்கள்.

486 போர்டு (486 சிப் உள்ள பழைய மதர்போர்டு), 30 பின் சிம் (மெமரி அட்டை). புதிதாக ஒரு 4 எம்பி போட்டேன், எடுக்கவில்லை. (மதுரை)

ஒன்று போட்டால் எடுக்காது. நான்கு நான்காக, ஒரே அளவில் போட வேண்டும்.

386 போர்டில் கீபோர்டு வேலை செய்யவில்லை, தேதியும் நிற்கவில்லை. புது பேட்டரி பற்றவைத்தால் சரியாகுமா? (கோவை)

ஆகாது. கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று இருக்கிறதே, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம், அதுதான் அந்தக் காலத்துப் போர்டுகளுக்கு எமன். அதிலிருந்து கசியும் காரம் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து செம்புத் தடங்களை அரிக்கும். வெளியே பார்த்தால் பச்சை கொஞ்சம் கருத்த மாதிரிதான் இருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய ஒரு 386 போர்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி முனையில் மட்டும் லேசாக உப்புப் பூத்திருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று பீரோவில் வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தால், கீபோர்டு சாக்கெட்டின் கால்கள் கருத்து, தொட்டதும் உதிர்ந்தன. அறுந்த தடங்களை மயிரிழைக் கம்பியால் இணைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வாங்கிய அன்றே பேட்டரியை வெட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. விற்பவர்களும் அதை வெட்டாமலேயே ‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று படம் போடுகிறார்கள். படத்தில் பேட்டரி தெரிந்தால், வெட்டி அனுப்பச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

உங்கள் போர்டில் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரை டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். நுரைப்பது அடங்கியதும் தண்ணீரில் அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரில் ஒவ்வொரு தடமாக, அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். தேதிக்கு, போர்டில் வெளி பேட்டரிக்கென்று 4 பின் இருந்தால் அதில் மூன்று பென்சில் செல் மாட்டி, போர்டை விட்டுத் தள்ளித் தொங்கவிடுங்கள். பழைய பேட்டரி இருந்த இடத்தில் பட்டன் செல்லை நேரடியாக வைக்காதீர்கள். போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கமடோர் 64 என்ற பழைய ஹோம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதன் அடாப்டரை நம் பிளக்கில் போடலாமா? (சேலம்)

கூடாது, அது 110 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அந்தப் பழைய அடாப்டரை நான் நம்ப மாட்டேன். உள்ளே ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் லைன் எகிறும், ராம் சிப்புகள் அத்தனையும் காலி. 230 வோல்ட்டுக்குப் புதிதாகச் செய்த அடாப்டர் வாங்குங்கள்.

486இல் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போட்டால் 504 எம்பிதான் காட்டுகிறது. (தஞ்சாவூர்)

கார்டில் கோளாறு இல்லை. பழைய பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) டிஸ்க்கின் இடங்களை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டாருக்கு மேல் எண்ணாது. எக்ஸ்டி-ஐடிஇ என்ற மாற்று பயாஸை ரோம் சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் ரோம் சாக்கெட்டில் போட்டால் முழுதும் தெரியும். டாஸ் மட்டும் ஓட்டுகிறவருக்கு 504 எம்பியே தாராளம்.

மஞ்சளான கேஸை வெள்ளையாக்குவது எப்படி? (சென்னை)

ஹைட்ரஜன் பெராக்ஸைடு, வெயில். சலூன்காரர்கள் முடிக்குப் போடும் 12 சதவீத கிரீமைக் கையுறை போட்டுச் சீராகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி மொட்டை மாடியில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். காய்ந்தால் திட்டுத்திட்டாகிவிடும். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். நான் என் மெஷின்களை மஞ்சளாகவே விட்டிருக்கிறேன்.

பள்ளி ஸ்டோர் ரூமிலிருந்து பிபிசி மைக்ரோ என்ற பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. ஆன் செய்த பத்தாவது நிமிடம் வெள்ளைப் புகை, தாங்க முடியாத நாற்றம். போய்விட்டதா? (திருநெல்வேலி)

போகவில்லை. 1984இல் கிளாஸ் (CLASS) என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த மெஷினாக இருக்கலாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புகைந்தது பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர். மேலுறை விரிசல் விட்டு ஈரம் இறங்கியிருக்கும். திறந்து பார்த்திருந்தால் விரிசல் முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும். எக்ஸ்2 என்று அச்சிட்ட 0.1, 0.01 மைக்ரோஃபாரட் இரண்டையும் மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.