பல வருடமாகக் கண் வறட்சி. அடுத்த வாரம் முதன்முறையாகக் கார்னியா நிபுணரைப் பார்க்கப் போகிறேன். எப்படித் தயாராவது?

எரிச்சல் காலையில் எழுந்ததும் அதிகமா, பொழுது போகப் போக அதிகமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நான் முதல் தடவை கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். "எப்பவுமே எரியுதுங்க டாக்டர்" என்றேன். ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அப்படியே நாலு வருடத்தில் மூன்று டாக்டர், ஐந்து சொட்டு மருந்து. நான் ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள், நாளெல்லாம் கம்ப்யூட்டர்தான். கண் போனால் பிழைப்பு போச்சு என்ற பயத்தில்தான் கடைசியாக ஒரு கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) நிபுணரிடம் நேரம் வாங்கினேன். இந்தத் தடவை வெறுங்கையோடு போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்து நாள் எழுதினேன். ஒரு நாள் இப்படி இருக்கிறது: "செவ்வாய். 5.40, இமை ஒட்டிக்கொண்டது, திறந்தால் மண் விழுந்தது போல உறுத்தல். தண்ணீர் அடித்து அரை மணியில் தேவலை. 11 மணி, தொந்தரவு இல்லை. 4 மணி, ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தேன், எண்கள் மங்கல், இமைத்தால் தெளிகிறது. வண்டியில் வீடு வரும்போது வலது கண்ணில் தாரையாக நீர்." கண்ணில் நீர் வடிந்தால் அது வறட்சி இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது கண் அவசரமாகக் கொட்டும் நீர் அது. அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, கூட இருப்பவர்களிடம் கேளுங்கள். இதை நான் செய்தது தற்செயலாக. லீவுக்கு வந்த தங்கையிடம் நோட்டைக் காட்டியபோது சொன்னாள்: "அக்கா, நீ தூங்கறப்ப கண்ணு பாதி தெறந்துதான் கெடக்குது. சின்ன வயசுலருந்தே அப்படித்தானே?" நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது! அன்றிரவு நான் தூங்கும்போது போனில் படம் எடுக்க அவளிடமே சொன்னேன். இமைக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நிபுணர் நோட்டில் காலை நேரக் குறிப்புகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போய், அந்தப் படத்தைப் பார்த்ததும், "இதை யாரும் கேக்கலையா உங்ககிட்ட?" என்றார். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் திறந்து கிடந்து காய்ந்த கண்தான் காலையில் உறுத்தியிருக்கிறது.

மூன்றாவது, மருந்துப் பை. கண்ணில் விடுவது மட்டுமல்ல, வாயில் போடும் எல்லா மாத்திரையும், அட்டையோடு. நான் தூசி அலர்ஜிக்குத் தினமும் ராத்திரி செட்ரிசின் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் அதே மாத்திரை கண்ணையும் காய வைக்கும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், கண் அழுத்தத்துக்கான சில சொட்டுகள் இவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். சொட்டு மருந்துக் குப்பிகளின் பெட்டிகளையும் எடுத்துப் போங்கள், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் என்னவென்று அதில் எழுதியிருக்கும். பென்சல்கோனியம் குளோரைடு உள்ளதை நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வருடக்கணக்கில் விட்டால் அதுவே கண்ணைப் புண்ணாக்கும். நான் விட்டது எட்டுத் தடவை.

உடம்பின் மற்ற சங்கதிகளையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: தைராய்டு, சர்க்கரை, மூட்டு வலி, மாதவிடாய் நின்ற வருடம், கண்ணாடி போடாமலிருக்கச் செய்யும் லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் எப்போது. வாயும் காய்கிறதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரஸ்க்கோ பொட்டுக்கடலையோ தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லை என்றால் அது முக்கியமான தகவல். ஷோக்ரன் என்று ஒரு நோய் உண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்கும். நாற்பது தாண்டிய பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. எனக்கு அதற்கான ரத்தப் பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்தது. முடிவு வந்த நாள்வரை சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு கதை.

போகும் நாளைப் பற்றி: மை, ஐலைனர் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் எத்தனை நாள் முன்பு கழற்ற வேண்டும், சொட்டு மருந்தை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். காலையில் வழக்கம்போல் சொட்டு விட்டுவிட்டுப் போனால் சோதனையில் உங்கள் கண்ணீர் தெரியாது, மருந்துதான் தெரியும். கண் பாப்பா (கருவிழி நடுவே உள்ள துளை) விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

சோதனைகளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. கீழ் இமைக்குள் காகிதப் பட்டை ஒன்றைச் செருகி 5 நிமிடம் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று அளப்பார்கள். 5க்குக் கீழே என்றால் கண்ணீர் சுரப்பதே குறைவு. பிறகு மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் இமைக்காமல் பார்க்கச் சொல்வார்கள். கண்ணீர்ப் படலம் 10 விநாடிக்குள் கிழிந்தால் அது நிலையாக இல்லை என்று அர்த்தம். எனக்கு 4 விநாடி. இமை விளிம்பை அமுக்கியும் பார்த்தார். அங்கே வரிசையாக இருக்கும் சின்னச் சுரப்பிகளிலிருந்து தெளிந்த எண்ணெய் வர வேண்டும், அதுதான் கண்ணீர் ஆவியாகாமல் மேலே மூடி நிற்பது. எனக்கு மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்குமே, அப்படி வந்தது. அதனால்தான் தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

ஆகவே "எனக்கு எந்த வகை வறட்சி, நீர் குறைவா, எண்ணெய் குறைவா, இமை மூடாததா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒன்றுக்கு மேல் சேர்ந்தும் இருக்கலாம். அடுத்த கேள்வி: "இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எத்தனை நாளில் தெரியும்?" அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதினால் பலன் தெரிய மாதங்கள் ஆகலாம், ஆரம்பத்தில் எரியவும் செய்யும். இது தெரியாமல் இரண்டாம் வாரமே தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஸ்டீராய்டு சொட்டு என்றால் எந்தத் தேதியில் நிறுத்துவது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் நீங்களாக வாங்கித் தொடரவே கூடாது. கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம்.

இடையில் கடுமையான வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, திடீரென்று பார்வை குறைதல், சீழ் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

எனக்கு ராத்திரிக்கு ஒரு களிம்பு, பதப்படுத்தும் பொருள் இல்லாத சொட்டு, செட்ரிசினுக்கு மாற்று, ஒத்தடம். ஆறு வாரம் கழித்து நோட்டில் எழுதியிருக்கிறேன்: "5.30. இமை ஒட்டவில்லை."