ரோலரை விடுங்கள், லொறி வரும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: வெலிமடைப் பக்கம், சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் மனேஜராக இருக்கிறேன். கொழுந்து குவியும் நாட்களில் 7,500 கிலோ வரை வருகிறது. லொறிகள் எல்லாம் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் வந்து சேரும். வாட்டும் தொட்டி எட்டு (ஒன்றில் 1,000 கிலோ போடலாம்), வாடிய கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மூன்று, அதை உலர்த்தும் ட்ரையர் ஒன்று. ட்ரையரில் மணிக்கு 180 கிலோ தூள் இறங்கும். தினமும் வேலை பிந்துகிறது. ஓவர்டைம், கரண்ட் பில் இரண்டும் ஏறுகின்றன. தூள் ஒரே சீராக இல்லை என்று, அதை ஏலத்தில் விற்றுத் தரும் புரோக்கர் குறை சொல்கிறார். இன்னொரு ரோலர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் முதலாளி. ஆனால் இருக்கிற ரோலர்களே சில நேரம் சும்மா நிற்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ரோலர் சும்மா நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தடை அங்கே இல்லை. இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டாம் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய 21 அல்லது 22 கிலோ தூள் தேறும். 7,500 கிலோவுக்கு 1,600 கிலோ சொச்சம். மணிக்கு 180 கிலோ என்றால் ட்ரையர் ஒன்பது மணி நேரம் ஓட வேண்டும். எத்தனை ரோலர் வைத்தாலும் இந்த ஒன்பது மணி குறையாது. உங்கள் தொழிற்சாலையின் வேகம் ட்ரையரின் வேகம்தான்.

ரோலர் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். நொதிக்கும் நேரத்தை ரோலரில் போட்ட நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது தூள் தயாரிப்பைக் கவனிக்கும் உங்கள் டீமேக்கருக்கு நன்றாகத் தெரியும்; ட்ரையருக்குப் போகும்வரை அது நொதித்துக்கொண்டே இருக்கும். ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. ஓரிடத்தில் தேங்கி நிற்கும் அளவு, பொருள் வந்துபோகும் வேகத்தை ஒவ்வொன்றும் அங்கே காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரும் என்பதே அது. ட்ரையருக்கு முன்னால் 90 கிலோ தூளுக்கான டூல் (ரோலரிலிருந்து இறங்கிய, இன்னும் உலர்த்தாத ஈரக் கொழுந்து) குவிந்து கிடந்தால், கடைசியாக வந்து சேரும் டூல் வேண்டிய நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் காத்திருக்கிறது என்று பொருள். சாயம் மங்கிப் போவதற்கு அது போதும். ஆகவே ட்ரையர் இழுக்கும் அளவுக்கு மட்டும் ரோலரில் போடுங்கள். ரோலர் சற்று நேரம் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, அப்படியானால் எங்கேதான் பிந்துகிறது? மேல்மாடியில், வாட்டும் தொட்டிகளில். கொழுந்து வாட 14 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மாலை ஆறு மணிக்கு ஒன்றாகப் பரப்பிய எட்டுத் தொட்டியும் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒன்றாகத் தயாராகும். ஆனால் ட்ரையருக்கு ஒன்பது மணி நேர வேலை இருக்கிறதே! முதல் தொட்டியை எட்டு மணிக்கு இறக்கினால், கடைசித் தொட்டியின் முறை வரும்போது மாலை நான்கு ஆகிவிடும். முதல் தொட்டி அளவாக வாடியிருக்கும், கடைசித் தொட்டி காய்ந்து கிடக்கும். தொட்டிக்கு அடிக்கும் காற்றை நிறுத்திச் சமாளிக்கப் பார்ப்பீர்கள், ஆனாலும் எட்டு மணி நேர வித்தியாசத்தை மறைக்க முடியாது. புரோக்கர் சொல்லும் குறை இங்கேதான் பிறக்கிறது.

அப்புறம், அதே மாலையில் அடுத்த நாள் கொழுந்து வந்து நிற்கும். மழையாலோ கரண்ட் போனதாலோ இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் பரப்ப இடம் இருக்காது, மூட்டை மூட்டையாக இறங்குதளத்திலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் ஒரு மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். இலை சிவந்து போன பிறகு எந்த மெஷினாலும் அதை மீட்க முடியாது. இடம் கிடைத்ததும் அவசரத்தில் தொட்டியில் கனமாகப் பரப்புவார்கள். அதனால் வாடுவது இன்னும் பிந்தும்.

இதற்கு மருந்து, கொழுந்து வரும் நேரத்தைப் பிரிப்பது. தோட்டங்களில் காலை, பகல், அந்தி என்று மூன்று தடவை நிறுக்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் லொறிகளையும் காலை பத்து, பகல் ஒன்றரை, மாலை ஐந்தரை என்று மூன்று தடவையாக வர வையுங்கள். தடவைக்கு 2,500 கிலோ. முதல் பங்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கும், அடுத்தது மூன்றரைக்கும், கடைசிப் பங்கு காலை ஏழரைக்கும் வாடி வரும். ஒவ்வொன்றுக்கும் ட்ரையரில் மூன்று மணி நேரம். காலை பத்தரைக்கு முடிந்துவிடும். எந்தத் தொட்டியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது. ஈரக் கொழுந்து வாட நேரம் எடுக்கும் என்பதால் மழை நாளில் இந்த நேரங்கள் தள்ளிப்போகும், ஆனால் ஒழுங்கு குலையாது.

கரண்ட் பில்லுக்கும் இது நல்லது. நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் கைத்தொழில் இணைப்பு என்றால், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகுக்கு விலை அதிகம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைவு. தூளைச் சலிப்பதையும் பகலோடு முடித்துவிடலாம்.

டீசல் செலவு கூடும் என்று லொறிக்காரர்கள் சொல்வார்கள். எல்லா லொறியும் மூன்று தடவை ஓடத் தேவையில்லை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நேரம் ஒதுக்கினால் போதும். கொழுந்து கொடுப்பவர்களிடம் அந்த நேரத்தை ஒரு வாரம் முன்பே சொல்லி, அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். லொறி பிந்தினால் றோட்டோரத்தில் வெயிலில் கிடப்பது அவர்களின் உழைப்பு. ஈரத்துக்குக் கழிக்கும் கிலோவையும் ஒரே அளவாக, அவர்கள் கண்முன்னே கழியுங்கள். இதில் நியாயம் தவறினால் நல்ல கொழுந்து பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடும். நள்ளிரவு வேலைக்கு வருபவர்களுக்கு வாகனமும் சூடான சாப்பாடும் ஏற்பாடு செய்யாமல் இந்த மாற்றத்தைத் தொடங்கவே கூடாது. ஓவர்டைம் குறைவதால் அவர்கள் கைக்கு வரும் பணமும் குறையும். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்கே கொடுக்க இப்போதே முதலாளியின் சம்மதத்தை வாங்கி வையுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டையைக் கட்டி, எத்தனை கிலோ, பரப்பிய நேரம், வாடி முடிந்த நேரம், இறக்கிய நேரம் என்ற நான்கை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் குறைக்க வேண்டியது. ஏல விலை தெரிய வாரக்கணக்கு ஆகும் என்பதால் அதை வைத்து இன்றைய வேலையை நடத்த முடியாது. அட்டை அன்றைக்கே சொல்லிவிடும். பிந்தியதற்கு ஆளைத் திட்ட அந்த அட்டையை ஒருநாளும் எடுக்காதீர்கள். திட்டினால் அடுத்த நாளே பொய் நேரம் எழுதுவார்கள். எந்த அளவுக்கு வாட வேண்டும் என்பதில் டீமேக்கருக்குச் சந்தேகம் இருந்தால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்கலாம்.

மாற்றிய பிறகு ஆறு வாரம் அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். அப்போதும் வாடி முடிந்த கொழுந்து காத்திருந்தால், அந்த நேரத்தில் ட்ரையரைப் போய்ப் பாருங்கள். டூல் இல்லாமல் ட்ரையர் வெறுமனே ஓடினால் முதலாளி சொன்ன ரோலரை வாங்கலாம். ட்ரையர் நிரம்பி ஓடினால், அந்தப் பணத்தை ட்ரையருக்குப் போடுங்கள்.