காது கேளாத மகளுக்குக் கணக்கு ஏறவில்லை, நிறுத்திவிடலாமா?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாய்ப்பாடு தெரிகிறது, கணக்கு மட்டும் வரவில்லை, தையல் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தையலை நான் இழிவாகச் சொல்லவில்லை. அளவெடுத்துத் துணி வெட்டவும் கணக்குதான் வேண்டும். ஆனால் "காது கேளாத பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தவள்.

தஞ்சாவூர்ப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். "முருகன் 35 மூட்டை நெல் அறுத்தார். இது கண்ணனைவிட 8 மூட்டை அதிகம். கண்ணன் அறுத்தது எத்தனை மூட்டை?" ஒரு மாணவி 43 என்று எழுதினாள். தப்புக் குறி போட்டேன். மறுநாளும் 43. மூன்றாம் நாள் நோட்டை அவள் முன்னால் தூக்கிப் போட்டேன். அவள் அழவில்லை, நோட்டை எடுத்து, மடங்கிய தாளை நீவிவிட்டாள்.

அந்த வாரமே நெல் கொள்முதல் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அவள் அப்பா அங்கே சுமை தூக்குபவர். அட்டி போட்டிருந்த மூட்டைகளின் ஒரு மூலையில் நின்று நீளத்தில் 8, அகலத்தில் 6, உயரத்தில் 5 என்று கண்ணாலேயே எண்ணி, 240 என்று விரலால் காட்டினாள். நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் காட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை அதே கணக்கோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சைகையில் சொல்லச் சொன்னேன். "கண்ணனைவிட" என்ற இடத்தில், பிடித்திருப்பதைக் கீழே போடுவதுபோல் விரல்களை விரித்தாள். விட என்பதை விடு என்று படித்திருக்கிறாள். கண்ணனை விட்டுவிட்டால் மிஞ்சுவது 35, 8, அதிகம். கூட்டாமல் வேறென்ன செய்வாள்? சைகை மொழியில் நம் வேற்றுமை உருபுகள் கிடையாது. இருவரை இரண்டு பக்கம் நிறுத்தி, யாரிடம் கூடுதல் என்று கையை நகர்த்திக் காட்டினால் போதும். அப்படிக் காட்டினேன். 27 என்று உடனே எழுதினாள்.

பேச்சுப் பயிற்சியும் காதொலிக் கருவியும் வேண்டாம் என்கிறீர்களா என்று யாராவது சண்டைக்கு வரக்கூடும். அப்படிச் சொல்லவே இல்லை. பலன் தருகிற பிள்ளைக்கு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் உதட்டைப் பார்த்து மட்டும் கணக்குக் கற்க முடியாது. "படி", "மடி" இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியரிடம் அந்த உதடும் தெரியாது.

நான் படித்த பயிற்சிக் கல்லூரியில் சைகை மொழிக்கென்று ஒதுக்கியது மிகச் சில வகுப்புகளே. மற்றதெல்லாம் என் மாணவிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. 2021இல் இந்திய சைகை மொழி அகராதி 10,000 சொற்களுக்கு விரிந்தது. நானோ இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கிறேன். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு நிலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னத்தை வரப்பில் நடத்திக் காட்டுங்கள். நம் பழைய நில அளவையில் ஒரு வேலிக்கு 20 மா. மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒரு பங்கு என்றுதான் பொருள். மாவுக்கு 100 குழி. அவள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வாள்.

அதற்கு முன், அவள் நோட்டில் தப்பாகிப்போன வாக்கியக் கணக்குகளை எடுங்கள். சொற்களை மறைத்து, 35 - 8 என்பதுபோல் எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். சரியாகப் போட்டால் அந்த நோட்டோடு அவள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். தையல் வகுப்புப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.