ஊருணியை ஆழப்படுத்தியதும் தண்ணீர் உப்பாகிவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: கீழக்கரைக்கு மேற்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். ஊருணி இரண்டு மீட்டர் ஆழம் இருந்தது. கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று ஜேசிபி வைத்து இன்னும் ஒன்றரை மீட்டர் வெட்டினோம். கீழே சிப்பி கலந்த மணல் வந்தது. மழைக்கு நிரம்பி, தை வரை நல்ல தண்ணீராக இருந்தது. மாசிக்குப் பிறகு வாயில் வைக்க முடியவில்லை. ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: ஜிப்சம் போடாதீர்கள். களர் வயலில் அது களியை இளக்கி, தண்ணீர் உள்ளே இறங்க வழிவிடும். வயலுக்கு அது நல்லது. ஊருணிக்கோ தரைக் களி இறுகிக் கிடந்தால்தான் பிழைப்பு. தண்ணீரில் கரைந்த உப்பையும் ஜிப்சம் எடுக்காது.

சிப்பி மணல் வந்தது என்ற ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பழைய தரையின் களிப்படலத்தை வெட்டித் தாண்டி, உவர்நீர் நிற்கும் மணலைத் திறந்துவிட்டீர்கள். மழைக்காலத்தில் ஊருணி மட்டம் உயரமாக இருந்ததால் அதன் பாரம் உவர்நீரைக் கீழேயே அழுத்தி வைத்தது. மாசியில் ஊருணி மட்டம் வெளி நிலத்தடி மட்டத்துக்குக் கீழே போனதும் ஓட்டம் திரும்பிவிட்டது.

செலவில் இறங்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கரைக்கு வெளியே ஐந்து மீட்டர் தள்ளிக் கை ஆகரால் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) துளை போட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாயை இறக்குங்கள். மறுநாள் கொத்தனாரின் தண்ணீர் டியூபால் குழாயின் மட்டத்தையும் ஊருணி மட்டத்தையும் ஒப்பிடுங்கள். குழாயில் உயரமாக நின்று, அந்தத் தண்ணீரும் கரித்தால் உப்பு அடியிலிருந்துதான் வருகிறது.

சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். கோடையில் ஒரு நாளைக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் ஆவியாகும். அதனாலும் உப்பு கூடும். ஆனால் நிரம்பியபோது 400 காட்டிய தண்ணீர், அளவில் பாதியாகும்போது ஏறத்தாழ 800தான் காட்ட வேண்டும். 2000, 3000 என்று ஏறினால் வெயிலைக் குறை சொல்ல முடியாது. (குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை.) பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் அதன் கழிவுநீர் வாய்க்கால், ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேருகிறதா என்று நடந்து பாருங்கள்.

இனி வேலை. ஆனி, ஆடி, ஆவணியில் நிலத்தடி மட்டம் தாழ்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். வெட்டிய ஒன்றரை மீட்டரையும் மூடிப் பழைய மட்டத்துக்கே வருவதுதான் என் பரிந்துரை. ஊரில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. அடியில் 90 சென்டிமீட்டர் சாதாரண மண். கரையில் கொட்டி வைத்திருக்கும் சிப்பி மணல் உப்பேறியது, அதைத் தொடாதீர்கள். மேலே 60 சென்டிமீட்டர் களி. தரை 40க்கு 30 மீட்டர் என்றால் இறுகிய நிலையில் 720 கன மீட்டர் வேண்டும். தளர்வாக ஏற்றும்போது முப்பது சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்: மூன்று யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி) டிப்பரில் சுமார் 110 நடை.

எந்தக் களி? ஈரமாக்கிக் கட்டைவிரலால் நாடாபோல் தள்ளினால் 5 சென்டிமீட்டருக்கு மேல் அறாமல் நீள வேண்டும். பக்கத்துக் கண்மாயின் உள்வாயில் வண்டல் பெரும்பாலும் தேறும். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு அடுக்கும் 15 சென்டிமீட்டர்தான். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறாக ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தில் ரோலர் ஓட்டுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடியில் பொந்துகள் நிற்கும். இந்த வேலை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த ஆபத்து வெடிப்பு. களி முடிந்த அன்றே 15 சென்டிமீட்டர் மணல் கலந்த மண்ணால் மூடுங்கள். இல்லாவிட்டால் நம்மூர் வெயிலில் ஒரு வாரத்தில் பாளம் பாளமாகப் பிளந்துவிடும். உள்சரிவுகளுக்கும் களி பூச வேண்டும். கரையில் நிற்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, குழியைக் களியால் இடித்து அடையுங்கள். பனை வெளிச்சரிவில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் தாள் விரிக்கலாமே என்பார்கள். ஊருணி வற்றும்போது அடியிலிருந்து உவர்நீர் தள்ளித் தாள் உப்பி எழும்பும்; மாட்டுக் குளம்பும் கிழிக்கும்.

கொள்ளளவு குறைகிறதே என்றால் அகலப்படுத்துங்கள். இந்தச் சமதளச் சீமையில் முன்னோர் ஆழத்தை நம்பவில்லை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்ற ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் அகலத்தால்தான் பெரியது. முதலில் வரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 500 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 1000 கன மீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். 3000 கன மீட்டர் ஊருணி நிரம்ப மூன்று ஹெக்டேர் வரத்து வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு தோண்டினாலும் வெறும் பள்ளம்தான்.

வரத்துக்கால் வாயில் ஒரு பலகை அடைப்பு வையுங்கள். ஐப்பசியின் முதல் மழை நிலத்தின் மேல் பூத்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே திருப்பிவிட்டு, மீட்டரில் எண் இறங்கிய பிறகே திறக்க வேண்டும். அடைப்புக்கு முன் 3க்கு 2 மீட்டரில், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி இருந்தால் தூர் அங்கேயே தங்கும். ஆண்டுக்கு ஒருமுறை அள்ளினால் போதும்.

பராமரிப்பில் ஒரே கண்டிப்பு: மோட்டார் வைத்து அடிவரை இறைக்க விடாதீர்கள். வெளிக் குழாயின் மட்டத்தைக் கோடையில் வாரம் ஒருமுறை பாருங்கள். ஊருணி மட்டம் அதற்கு ஒரு சாண் மேலே இருக்கும்போதே இறைப்பதை நிறுத்திவிட வேண்டும்.