முதலில் போவது யார்?

கேள்வி: சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் இருந்த ஒரு கிளாஸை ரஸ்ட் மொழிக்கு மாற்றினேன். அதன் முதல் ஃபீல்டு (உள்ளிருக்கும் உறுப்பு) நடப்பதைப் பதிவுசெய்யும் லாகர், அடுத்தது வேலையைச் செய்யும் வொர்க்கர். வொர்க்கர் அழியும்போது ‘வேலை முடிந்தது’ என்று லாகருக்கு சேனல் (செய்தி அனுப்பும் பாதை) வழியே ஒரு வரி அனுப்பும். ரஸ்டில் அந்த வரி மட்டும் பதிவாவதில்லை. ஏன்?

பதில்: வரிசையை அப்படியே வைத்தீர்கள் அல்லவா, அதுதான் வினை. சி பிளஸ் பிளஸ்ஸில் கடைசியாக அறிவித்த ஃபீல்டுதான் முதலில் அழியும், அதனால் வொர்க்கர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகும்வரை லாகர் உயிரோடு இருந்தது. ரஸ்டில் ஃபீல்டுகள் எழுதிய வரிசையிலேயே அழியும். லாகர் முன்பே போய்விட, ஆளில்லாத சேனலில் செய்தி அனுப்பி, வந்த பிழையையும் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள். ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள்களுக்கு மட்டும் ரஸ்டிலும் தலைகீழ் வரிசைதான் (எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வரிசையை நம்பி ஏற்கெனவே நிறைய பேர் புரோகிராம் எழுதிவிட்டதால், ரஸ்ட் மொழிக்கான முன்மொழிவு ஆவணமான ஆர்எஃப்சி 1857-இல் இதையே உறுதிசெய்துவிட்டார்கள்). வொர்க்கரை லாகருக்கு மேலே நகர்த்துங்கள், சரியாகிவிடும். அப்புறம் பக்கத்திலேயே ஒரு கமென்ட் போட்டு வையுங்கள், இல்லையென்றால் யாராவது அழகுக்காக மறுபடி மாற்றிவிடுவார்கள்.