கோயிம்பிராவுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: "போர்ச்சுகலில் லிஸ்பனிலிருந்து போர்ட்டோ போகும் வழியில் கோயிம்பிராவில் அரை நாள் இறங்கலாம் என்றிருக்கிறோம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? விட்டுவிட்டால் நஷ்டமா?"

"நஷ்டமா" என்று கேட்டீர்களே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதே வார்த்தையை என் நாத்தனாரும் கேட்டார். "லிஸ்பன் பாத்தாச்சு, போர்ட்டோ பாத்தாச்சு, நடுவுல அது எதுக்கு?" என்று. அந்த "அது"வில்தான் என் மகள் முதுகலை படித்தாள். ஒரு மே மாதம் அவளோடு போய்த் தங்கியிருந்தேன். அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு, அநேகமாக வயதானவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று. லிஸ்பன்–போர்ட்டோ வேக ரயில் நிற்பது கோயிம்பிரா-பி நிலையத்தில். அது பழைய நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வந்து, மலை ஏறி, பல்கலைக்கழக வரிசையில் நின்று, திரும்ப ரயிலைப் பிடிக்க வேண்டும். அரை நாள் அதற்கே சரியாகிவிடும். ஒரு ராத்திரி தங்குங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஊரே ஒரு குன்று. கீழே மொண்டேகு ஆறு, உச்சியில் பல்கலைக்கழகம். 1290இல் தினிஸ் மன்னர் லிஸ்பனில் தொடங்கியது, அங்கும் இங்குமாக இடம் மாறி 1537இல் நிரந்தரமாக இங்கே வந்தது. இப்போது பல்கலைக்கழகம் இருக்கும் பழைய கட்டடம் அதற்கு முன் அரண்மனை. முற்றத்தில் நின்றால் ஆறு தெரியும். அதற்குக் காசு கிடையாது.

ஜொவானினா நூலகத்துக்குத்தான் காசு. டிக்கெட்டில் உங்களுக்கான நேரம் போட்டிருக்கும். சிறு சிறு குழுவாக உள்ளே விட்டுச் சில நிமிடங்களில் வெளியே அனுப்பிவிடுவார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தாம் ஜொவாவ் மன்னர் காலத்தில், 1717இல் கட்டத் தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று கூடங்கள், பச்சையும் சிவப்பும் கறுப்புமாகப் பூசி மேலே பொன்வண்ணத்தில் சீன பாணிச் சித்திரம் தீட்டிய அலமாரிகள். வாசல் கதவு தேக்கு. சுவர்கள் இரண்டு மீட்டருக்கும் மேல் கனம். புத்தகத்துக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது என்பதால். புத்தகப் பூச்சியைத் தின்பதற்கு வௌவால்கள் இருக்கின்றன. நிஜம்தான், வெகுகாலமாக அங்கே குடியிருக்கின்றன. எச்சம் விழுந்து பழைய மேசைகள் பாழாகாமல் இருக்க, தினமும் சாயங்காலம் தோல் விரிப்புப் போட்டு மூடிவிட்டு, காலையில் எடுத்துத் துப்புரவு செய்கிறார்கள். நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவள். எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கரையான் தின்ற லெட்ஜர்களை நினைத்துக்கொண்டுதான் அந்த மேசைகளைப் பார்த்தேன். நூலகத்துக்கு அடியில் மாணவர் சிறையும் உண்டு. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்கென்று தனிச் சட்டம், தனித் தண்டனை.

முற்றத்தைத் தாண்டி வெளியே வந்தால் பெரிய பெரிய கட்டடங்கள் சதுரம் சதுரமாக, அலுவலகம் மாதிரி நிற்கும். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியில், 1940களில், பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுக் கட்டியவை. அவரும் இதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்தான். படித்த இடத்தின் மேல் பாசம் இருக்கிறவர் இப்படியா இடிப்பார்? அரசியல் பேசாதே என்று கீழே கருத்து எழுத வருகிறவர்கள், போய் அந்தக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, எங்கள் பக்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் கும்பிடுகிறவர். லிஸ்பனில் பிறந்த அவர் படித்தது கோயிம்பிராவில். அங்கே சே நோவா என்று சொல்லும் புதிய பேராலயம் முன்பு இயேசு சபையாரின் கல்லூரிக் கோயில். அதன் வாசலில் நின்று ஓரியூர் செம்மண்ணைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். "இது தெரியாமலா இங்க படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

ஏறுவதை டாக்சிக்கு விட்டுவிடுங்கள், இறங்குவதற்குக் கால் போதும். மேலிருந்து பழைய பேராலயம் (12ஆம் நூற்றாண்டு, கோட்டை போல இருக்கும்), அதை ஒட்டிக் கேப்ரா கோஸ்டாஸ் படிகள், அரேபியர் காலத்து வாயிலின் இடத்தில் நிற்கும் அல்மெதினா வளைவு, கடைத்தெரு, சாந்தா குருஸ் தேவாலயம் என்று வரிசையாக வரும். சாந்தா குருஸில் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கஸும் அவர் மகன் சாஞ்சோவும் எதிரெதிரே கல்லறைகளில் படுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பழைய கோயில் கட்டடத்துக்குள் 1923 முதல் காபிக்கடை நடக்கிறது. விதானத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம்.

மூட்டு வலிக்காரி நீ எப்படி அத்தனை படி இறங்கினாய் என்று யாரும் கேட்க வேண்டாம். விசாவுக்கு அலைந்ததைவிட அது சுலபம். "சார் வரலையா மேடம்?" என்றுதான் அந்த ஏஜெண்ட் ஆரம்பித்தார். சார் விமானத்தில் உட்கார மாட்டார், அது அவர் சுபாவம். என் பென்ஷன் தாள், என் வங்கிக் கணக்கு, என் பாஸ்போர்ட். ஆனாலும் ஒவ்வொரு தாளையும் புரட்டிவிட்டு "சார் ஒரு லெட்டர் கொடுத்துட்டா நல்லது" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்குப் பார்த்தவளுக்கு ஊர் சுற்ற அனுமதிக் கடிதம்! கடிதம் கொடுக்கவில்லை. விசா வந்தது. அந்த ஆளிடம் வாங்கிய ரசீதில் கூட்டல் தப்பாக இருந்ததையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

ராத்திரி தங்கச் சொன்னதற்குக் காரணம் போர்ச்சுகலின் பாரம்பரிய இசையான ஃபாடு பாட்டு. லிஸ்பனில் பெண்கள் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கோயிம்பிராவில் அது மாணவர்களின் பாட்டு. வழக்கப்படி ஆண்கள் மட்டும், கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு பாடுவார்கள். கித்தாரின் சுருதியே லிஸ்பனைவிட இறக்கி வைத்தது. கேப்ரா கோஸ்டாஸ் படிகளை ஒட்டி ஒரு சின்ன அரங்கில் கேட்டோம். பாட்டு முடிந்ததும் கை தட்டப் போனேன், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் வரிசையில் இருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். அங்கே பாராட்டு அப்படித்தானாம், செருமிக் காட்டுவது. அடுத்த பாட்டுக்கு நானும் செருமினேன். கச்சேரியில் "பலே" சொல்கிற சுகம் அதில் இருந்தது. பெண்கள் பாடக் கூடாதா என்று மகளிடம் கேட்டேன். இந்த வழக்கத்தில் அவளுக்கும் உடன்பாடில்லை.

மே மாதம் போனால் 'கெய்மா தாஸ் ஃபீத்தாஸ்' என்ற மாணவர் திருவிழாவும் சேர்ந்துவிடும். பழைய பேராலயத்தின் படிக்கட்டில் நள்ளிரவில் பாடுவார்கள். தூங்க விரும்புகிறவர்கள் அந்த வாரம் போகாதீர்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலானவர்கள் இனேஸ் தெ காஸ்ட்ரோ கதைக்காகப் போவார்கள். இளவரசர் பெட்ரோவின் காதலி. 1355இல் பெட்ரோவின் அப்பா நான்காம் அஃபோன்சு மன்னரே ஆள்விட்டு அவளைக் கொன்றார். அவள் கண்ணீரால் வந்தது என்று ஒரு ஊற்றைக் காட்டுகிறார்கள். இப்போது அந்தத் தோட்டம் ஓட்டலோடு சேர்ந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் பழைய சாந்தா கிளாரா மடத்தைப் பாருங்கள். மொண்டேகு வெள்ளம் வந்து வந்து, கன்னியாஸ்திரிகள் கோயிலுக்குள்ளேயே பாதி உயரத்தில் இன்னொரு தளம் போட்டு வழிபட்டிருக்கிறார்கள். அதுவும் போதாமல் 1677இல் மேட்டில் கட்டிய புது மடத்துக்குப் போய்விட்டார்கள். பல நூற்றாண்டு சேற்றில் கிடந்ததை அண்மையில்தான் தோண்டி எடுத்தார்கள். தளம் இருந்த உயரம் சுவரில் இன்னும் தெரிகிறது.

காதலர் பெயரில் ஒரு நடைப்பாலமும் இருக்கிறது, 2006இல் திறந்தது. இரண்டு கரையிலிருந்தும் வரும் பாதைகள் நடுவில் நேராகச் சேராமல் விலகி நின்று, அந்த இடமே ஒரு சின்ன முற்றமாகிவிடும். கைப்பிடிச் சுவரில் வண்ணக் கண்ணாடி. வடிவமைத்தவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்த பொறியாளர் சிசில் பால்மண்ட். சாயங்காலம் வெயில் சாயும்போது போனால் கண்ணாடி நிறம் தரையில் விழும். பிள்ளைகள் அதை மிதித்து விளையாடும்.

சாப்பாடு. கறி சாப்பிடுவீர்கள் என்றால் சன்ஃபானா: வயசான வெள்ளாட்டுக் கறியைச் சிவப்பு ஒயின் ஊற்றிக் கறுப்பு மண்சட்டியில் பல மணி நேரம் அடுப்பில் வேகவைப்பது. முற்றின கறிக்கு அதுதான் சரியான வழி. மடங்களில் பிறந்த இனிப்புகளில் முட்டை மஞ்சள் கருதான் பிரதானம். தெந்துகல் பேஸ்ட்ரி வாங்குங்கள், மேலே மெல்லிய மாவு அடுக்கு, உள்ளே மஞ்சள் கரு. முட்டையே தொடாதவர்களுக்குப் பழக்கடை இருக்கிறது, சூப்பில் மட்டும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நூலக நேரத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்றபடி ரயில் டிக்கெட் எடுங்கள். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கல் பதித்தது, மழை விழுந்தால் வழுக்கும். வயதானவருக்குச் செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூவாகப் போட்டு அழைத்துப் போங்கள்.